பெட்டியைக் கழற்றிக்கொண்டு வா

எங்கள் வீடியோ டெக் கடைசியாகப் படுத்துக்கொண்டபோது, திண்டிவனத்தில் அதைத் திறந்து பார்க்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. பழைய டி.வி. மெக்கானிக்குகள் செல்போன் ரிப்பேருக்குப் போய்விட்டார்கள். முன்பெல்லாம் படம் மங்கினால், உள்ளே நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார்கள். அவசரத்துக்கு மொடமொடவென்ற புது ரூபாய் நோட்டும் உதவியதுண்டு. கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே, உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லித்தான் 2016 ஜூலையில் கையை விரித்தது. திண்டிவனத்து மெக்கானிக்கைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்த டெக்கில் நாங்கள் அதிகம் பதிந்தது வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. மூன்று மணி நேர கேசட்டில் பாட்டோடு சேர்ந்து விளம்பரமும், நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும்கூடப் பதிந்துவிடும். இன்று பார்த்தால் பாட்டைவிட அந்த அட்டைதான் எனக்குப் பிடிக்கும். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. கல்யாண கேசட் வந்த அன்றே முதல் வேலை அந்தப் பல்லை உடைப்பது. பிறகு மனம் மாறினால் செல்லோடேப் ஒட்டிக்கொள்ளலாம். பூட்டும் சாவியும் நம் கையிலேயே இருந்தன.

கேசட்டுகள் ஊர் சுற்றின. விழுப்புரத்தில் அத்தை வீடு. அங்கேயும் ஒரு டெக். விக்கிரவாண்டி வழியாக பஸ்ஸில் ஒரு மணி நேரம். போகிறவர் எவரோ, அவர் கையிலுள்ள மஞ்சப்பையில் நாலு கேசட் போகும். திரும்பும்போது வேறு நாலு வரும், சில வராது. ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்து வந்ததும் உண்டு.

பிறகு டிஜிட்டல் ரெக்கார்டர். 2008-இல் டாட்டா ஸ்கை பிளஸ் வந்தபோது, சுமார் 45 மணி நேரம் பதியலாம் என்றார்கள். பதினைந்து கேசட் ஒரு பெட்டிக்குள். சில வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தது வேறொரு கம்பெனியின் பெட்டி. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வரலாம். டெக்கில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் 12:00 என்று கண்ணடித்துக்கொண்டே இருக்கும், டைமர் வைத்ததெல்லாம் வீண். 2012 மின்வெட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி தானாக நேரத்தைப் பிடித்துக்கொள்வதன் அருமை தெரியும். ஐப்பசி மழை வலுத்தால் மட்டும் டிஷ்ஷுக்கு சிக்னல் வராது. அன்றைய பதிவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கும்.

வசதிக்குக் குறைவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், அத்தை பேத்தி ஒரு டி.வி. பாட்டு நிகழ்ச்சியில் பாடும்வரை. விழுப்புரத்தில் அன்று கரண்ட் இல்லை. எங்கள் பெட்டி முழுசாகப் பதிந்திருந்தது.

"நாளைக்கு வர்றப்ப எடுத்துக்கிட்டு வாடா" என்றார் அத்தை போனில்.

"அது கேசட் இல்ல அத்தை, பெட்டிக்குள்ளயே இருக்கு."

"அப்ப பெட்டியையே கழட்டிக்கிட்டு வா. இங்கயும் டி.வி. இருக்குல்ல?"

பெட்டியைச் சுமக்காமல் பதிவை மட்டும் எடுக்க வழியில்லை. அது ஹார்டு டிஸ்க்கில் பூட்டித்தான் சேமிக்கப்படுகிறது. அந்தப் பெட்டியும் அதில் செருகிய கார்டும் சேர்ந்தால்தான் திறக்கும். டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஒன்றும் ஓடாது. மாதச் சந்தாவை நிறுத்தினால், நாம் பதிந்தது நமக்கே காட்டப்படாது. படத் தயாரிப்பாளருக்கும் சேனலுக்கும் திருட்டு வீடியோ பயம் இருந்தது நியாயம்தான். ஆனால் அத்தையிடம் அதை எப்படிச் சொல்வது? "காசு நீ கட்டற, பெட்டி உன் வீட்டுல இருக்கு, பாடுனது நம்ம புள்ள. அப்புறம் யாருடா குடுக்கமாட்டேங்கறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். பார்த்தார், திரும்பப் போடச் சொன்னார். கூட வந்த பேரன் செல்போனை டி.வி.க்கு நேரே பிடித்து, திரையோடு படம் எடுத்தான். அதில் மின்விசிறிச் சத்தம் கேட்கும், பாட்டுக்கு நடுவில் அத்தை "சத்தம் வை" என்பதும் கேட்கும்.

அடுத்த வருடம் ஹார்டு டிஸ்க் போயிற்று. கம்பெனி ஆள் வந்து பெட்டியை மாற்றிக் கொடுத்து, பழையதை எடுத்துக்கொண்டு போனார். பேரன் எடுத்தது மட்டும் இன்னமும் வாட்ஸ்அப்பில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்குமாகப் போய் வருகிறது.