போகாமலே திரும்புவது

வேலந்தாவளத்தில் கோயமுத்தூர் பஸ் ஏறுகிறவரிடம் எந்தக் கண்டக்டரும் "வரும்போது இந்த வழிதானுங்களே?" என்று கேட்பதில்லை. காலையில் உக்கடம் போனவர் பொள்ளாச்சி சுற்றிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் வந்து இறங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கவலையெல்லாம் விமானக்காரர்களுக்குத்தான்.

எங்கள் வடகரப்பதியில் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போகவர டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். கம்பெனி அவசரமாகக் கூப்பிடவே, அவர்கள் செலவில் சென்னையிலிருந்து முன்னதாகப் பறந்துவிட்டான். பொங்கலுக்கு ஊர் வர மீதிப் பாதி இருக்கிறதே என்று தெம்பாக இருந்திருக்கிறான். போனில் பேசிய பெண் சொல்லிவிட்டாளாம்: "நீங்க போகவே இல்லையே சார், எப்படித் திரும்புவீங்க?"

தர்க்கத்தில் பிழையில்லை. கார்பன் மை விரலில் ஒட்டும் அந்தக் காலத்து டிக்கெட் புத்தகத்தில் கூப்பன்களை வரிசையாகத்தான் கிழிக்க வேண்டும். 2008 மே மாதத்தோடு காகிதம் ஒழிந்தது, வரிசை ஒழியவில்லை. முதல் பயணத்துக்கு ஆள் வராவிட்டால் பின்னால் உள்ளதும் ரத்து. சில தடங்களில் போகவரக் கட்டணம் ஒருவழிக் கட்டணத்தைவிடக் குறைவு. டிக்கெட் எடுத்தவன் பாதியை வீசிவிட்டு மலிவாகப் பறந்துவிடுவானோ என்ற பயம். ஜெர்மனியில் 2010இல் லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டும் எழுதி வைத்திருந்த இந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. டூரிங் டாக்கீஸ்காரருக்கு அப்படி எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை. இடைவேளைக்கு அப்புறம் வந்தவனையும் அதே டிக்கெட்டில் உள்ளே விட்டார்.

அது கிடக்கட்டும். அந்தப் பெண்ணின் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்குக் கப்பல் ஞாபகம்தான். போகாமலே திரும்பியவர்கள் லட்சக்கணக்கில் உண்டே! 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.

திருச்சி, சேலம் பக்கமிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கடல் தாண்டிப் போனது பாட்டனும் பூட்டனும். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு வாய்த்தது திரும்பும் பாதி மட்டும். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டு அழுவார்களாம். பிறகு 'ராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பாட்டன்மாரை நோய் உண்டா என்று தடுத்துவைத்துப் பார்த்து அனுப்பியதும் இதே மண்டபத்தில்தான். அங்கிருந்து சிலர் நீலகிரியில் அரசு தொடங்கிய டான்டீ தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் எங்கள் கேரளத்தில் புனலூர் ரப்பருக்கு. இலங்கையில் இந்தியாக்காரன் என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே வந்து சிலோன்காரன் ஆனார்கள்.

இலங்கை உள்நாட்டுப் போருக்கிடையே 1984இல் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தோட்டத்திலேயே தங்கிப்போனவர்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் இனி அந்த ஊர்க்காரர்கள்தான் என்று இலங்கை சட்டம் போட்டு ஒப்புக்கொள்ள 2003 வரை ஆயிற்று.