முதற்போட்டியும் முழங்காலும்

யூடோவில் கை பூட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு தட்டுத் தட்டினால் போதும், பிடி அந்தக் கணமே விடுபடும். கபடியில் அப்படித் தட்டும் வழக்கம் கிடையாது. ஒரே மூச்சில் பாடிப் போனவர் ‘விடு’ என்று வாய் திறந்தாலே பாட்டு அறுந்துவிடும், அவர் அவுட். வாய் திறக்காவிட்டால் விசில் ஊதும்வரை பிடி இறுகிக்கொண்டே போகும். முதற் சுற்றுப்போட்டிக்கு இறங்குகிற தம்பிமார் வேறு எதற்கும் முன் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கிழக்கிலங்கையில், எங்கள் கரையோரத்தில் கட்டிப் புரளுகிற விளையாட்டு என்றால் கபடிதான். காரைதீவுக்குத் தெற்கே அடுத்த ஊரான நிந்தவூர் கபடிக்குப் பேர்போனது. காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருதுப் பொடியன்மாரும் பின்னேரங்களில் கடற்கரை மணலில் கோடு கீறி இறங்குவார்கள். மணலில் பழகினால் தொடை உரப்படும், விழப் பயம் போய்விடும். ஆனால் மணலில் உடம்பு திரும்பும்போது பாதமும் சறுக்கிக் கூடவே திரும்பிவிடுகிறது. மெத்தையில் சப்பாத்தின் அடி ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், பாதம் அங்கேயே நிற்கும், நடுவில் முழங்கால் முறுகும். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் யாரும் தொடாமலேகூட அறுவது இப்படித்தான். ஆகவே போட்டி மெத்தையில் என்று தெரிந்தால், சில நாட்கள் முன்னதாகவே சப்பாத்துப் போட்டு மெத்தையில் ஓடி, நின்று, திரும்பிப் பழகுங்கள். மெத்தை கிடைக்காவிட்டால் இறுகிய தரையிலாவது பழகுங்கள். திரும்பும்போது காலடி சிறிதாக இருக்கட்டும், முழங்கால் மடிந்திருக்கட்டும்.

அடுத்தது விழுகை. பிடிபட்டவர் விழும்போது உள்ளங்கையை நிலத்தில் ஊன்றத்தான் கை தானாக ஓடும். மணிக்கட்டும் முழங்கையும் தோள்மூட்டும் போவது அந்த ஊன்றலில்தான். நாடியை நெஞ்சோடு ஒட்டி, கையை மடித்து, தோள்பக்கமாக உருண்டு விழ வேண்டும். முதலில் முழந்தாளில் இருந்து, பிறகு நின்று, கடைசியாக ஒருவர் இழுக்க இழுக்க விழுந்து பழகுவது எங்கள் முறை. பிடி பழகுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிடிக்கிறவருக்கும் ஆபத்துக் குறைவில்லை. கணுக்காலுக்குப் பாய்கிற மூலைக்காரரின் தலை, பாடி வந்தவரின் காலுக்கு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். நேர் முன்னால் வைத்தால் அவர் காலை உதறி இழுக்கும்போது முழங்கால் மூக்கில் வந்து இறங்கும். விரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோர்க்காமல், ஒரு கை மறுகையின் மணிக்கட்டைப் பற்றினால் விரல் தப்பும். எல்லாவற்றையும்விட, பாய்வதா விடுவதா என்று நடுவில் தடுமாறுகிற கைதான் அடிபடுகிறது. ‘பிடிச்சா முழுசாப் பிடி, இல்லாட்டி விலகு’ என்று எங்கள் கரையில் கத்துவது அதற்காகத்தான்.

பாடிப் போகிறவருக்கும் இதே கதைதான். நடுக்கோடு எட்டாத தூரத்தில், நாலு பேர் சுற்றிவிட்டார்கள், கால் ஒரு பக்கம் முறுகுகிறது என்றால் பாட்டை நிறுத்திவிடுங்கள். கபடியில் இருக்கிற ஒரே ‘தட்டு’ அதுதான். போவது ஒரு புள்ளி மட்டுமே. அவுட் ஆனவர் தன் அணி புள்ளி எடுத்ததும் திரும்பவும் உள்ளே வரலாம்.

விதிகளையும் ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் சங்கிலி கூடாது, உடம்பில் எண்ணெய் பூசக்கூடாது. பாடுபவரின் வாயைப் பொத்துவதும், கால்களால் கத்தரிப் பிடி போடுவதும் தவறு. கத்தரியைத் தடுத்ததற்கு யூடோவிலும் நல்ல சாட்சி உண்டு. 1980இல் ஜப்பானின் யசுஹிரோ யமாஷிடாவின் காலெலும்பு அப்படியொரு கத்தரி வீச்சில்தான் முறிந்தது. அவர் தேறி வந்து 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அந்த வீச்சு பின்னாளில் யூடோப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது.

எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடப்பதும், தண்ணீரை நிறுத்தி வெயிலில் ஓடுவதும் வேண்டாம். 1997இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் எடை குறைக்கப்போய்ச் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். அதன்பிறகே அங்கு எடை விதிகள் மாறின. வளருகிற பிள்ளைக்கு மேல் எடைப்பிரிவில் ஆடுவதே நல்லது.

அடிபட்டால், அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவக் கொடுக்காதீர்கள். வீக்கம் கூடும். ஐஸ் வைத்து, துணியால் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியவில்லை என்றாலோ, முழங்காலில் ‘டக்’ என்று சத்தம் கேட்டு வீங்கினாலோ, முதலில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். முறிவு தெறிவு வைத்தியரிடம் போவதென்றாலும் அதற்குப் பிறகு போகலாம். தலையில் அடிபட்டுத் தலைசுற்றினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப்போட்டியாக இருந்தாலும் சரி.

சுற்றுப்போட்டி நடத்துகிற கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிண்ணத்துக்குச் செலவழிக்கிற காசில் கொஞ்சத்தை ஐஸுக்கும், முதலுதவி தெரிந்த ஒருவருக்கும், கல்லுப் பொறுக்கித் தரையைச் சீராக்கவும் ஒதுக்குங்கள். முதன்முறை வருகிற பிள்ளைகளை அனுபவசாலிகளோடு முதல் ஆட்டத்திலேயே மோதவிடாதீர்கள். தோற்ற அணி அடுத்த மாதம் திரும்பவும் வரும். முன் சிலுவைத் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்தவர் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும்.