ஒரு கணினி, இரு கதவுகள்

தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ்க் கூடி வாழ்வது நம் நாட்டுக்குப் புதியதன்று. பினாங்கு, ஈப்போ, கிள்ளான் நகரங்களின் பழைய கடைவீடுகளைப் பார்த்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். கீழே வாணிகம், மேலே வாழ்க்கை. சுவர்கள் பொதுவாயினும், கடையின் பேரேடு மாடிக்கு ஏறுவதில்லை. மாடியின் குடும்பப் பேச்சு கடைக்கு இறங்குவதில்லை. இடையே நிற்கும் மாடிப்படி இரண்டுக்கும் எல்லையாகிறது.

இன்று ஆசிரியர் பலரின் மேசைமீது இருக்கும் மடிக்கணினியும் ஒரு கடைவீடே எனலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், வகுப்பறையே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் மாணவர் பயிற்சிகள், மதிப்பெண்கள், பெற்றோர் மடல்கள் ஆகியவை கணினியிலேயே தங்கிவிட்டன. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். திருமணப் புடவைக்கு விலை விசாரிக்கிறோம். பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் காட்டுகிறோம். ஆனால், இக்கடைவீட்டுக்கு மாடிப்படியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

என் தாயார் சிறுநீரக நோயுற்று டயாலிசிஸ் சிகிச்சை பெற்று வந்த காலத்தில்தான் இதன் அருமை எனக்கு முழுமையாகப் புலப்பட்டது. இரவு நெடுநேரம் சிகிச்சை நிலையங்களைப் பற்றியும் அவருக்கு ஏற்ற உணவைப் பற்றியும் தேடிப் படிப்பேன். மறுநாள் அதே கணினி வகுப்பறைத் திரையோடு இணைக்கப்படும். டெலிமா தளத்தைத் திறக்க, முகவரிக் கட்டத்தில் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டுவேன். உலாவி முந்திக்கொண்டு, அவ்வெழுத்தில் தொடங்கும் பழைய தேடல்களை வரிசையாக நீட்டும். டயாலிசிஸ் என்னும் சொல்லும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில்தானே தொடங்குகிறது! முப்பது மாணவர்களுக்கும் என் வீட்டுத் துயரத்துக்கும் இடையே ஓர் எழுத்தே இருந்தது. அது வெளிப்படாமல் காத்தவை, வெறும் ஒழுங்குக்காக நான் முன்னரே உலாவியில் அமைத்திருந்த இரு கதவுகள்.

அக்கதவுகளின் இயல்பு எளியது. இணையத்தளம் ஒரு பக்கத்தில் கண்டவரை அடுத்த பக்கத்தில் மறந்துவிடும் தன்மையது. அம்மறதியைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி என்பவர் 1994இல் ‘குக்கி’யை உருவாக்கினார். தளம் நம் உலாவியில் இட்டு வைக்கும் சிறிய அடையாளச் சீட்டு அது. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் முதலிய உலாவிகளில் ‘புரொஃபைல்’ ஒன்றைப் புதிதாகத் திறந்தால், அதற்கெனத் தனிக் குக்கிகளும், தேடல் வரலாறும், சேமித்த கடவுச்சொற்களும் அமைகின்றன. ஒன்றில் தேடியது மற்றொன்றின் முகவரிக் கட்டத்தில் தோன்றாது. பள்ளிக்கு நீல வண்ணமும் வீட்டுக்குப் பச்சை வண்ணமும் இட்டிருக்கிறேன். நீலச் சாளரத்தில் டெலிமா மின்னஞ்சல், அகராதிகள், மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்கள் ஆகியவை மட்டுமே உண்டு. பதிவிறக்கும் கோப்புகளும் வெவ்வேறு இடங்களில் சேருமாறு செய்திருக்கிறேன்.

மறைநிலைச் சாளரம் ஒன்றே போதும் என்பாரும் உளர். அதனை மூடியதும் கணினியில் தேடல் வரலாறு தங்காது என்பது உண்மையே. ஆனால், நாம் சென்ற தளமோ, பணியிடத்தின் இணைய இணைப்பை மேற்பார்ப்பவரோ நம் வருகையை அறிவதை அது தடுப்பதில்லை. புரொஃபைலுக்கும் எல்லை உண்டு. அது பூட்டன்று, திரைச்சீலையே. கணினியைத் திறந்த பிள்ளை ஒரு சொடுக்கில் பள்ளிப் பக்கத்துக்குள் நுழைந்துவிடலாம். ஆகவே, வீட்டார்க்கு விண்டோசிலேயே தனிப் பயனர் கணக்கு ஒன்றை அமைத்துக் கொடுத்து, என் கணக்குக்குக் கடவுச்சொல் இட்டுள்ளேன். கணினி பணியிடத்தின் உடைமையாயின், வீட்டுச் செய்திகளைச் சொந்தக் கைப்பேசியோடு நிறுத்திக்கொள்வதே முறையாகும்.

“மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத உங்களுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு, சார்?” என்று உடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் வினவினார். மறைத்தல் வேறு, உரிய இடத்தில் வைத்தல் வேறு. என் தாயாரின் நோய் இழிவானதன்று. ஆயினும், அதனை யாரிடம் எப்போது சொல்வது என்பது அவருடைய உரிமை. அவ்வாறே, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் மாணவன் ஒருவனின் மதிப்பெண், என் வீட்டு உணவு மேசையில் பேசுபொருளாகக் கூடாது. இருசாராரும் தத்தம் செய்தியை என்னிடம் நம்பி ஒப்படைத்தவர்கள். ஒருவர் செய்தி மற்றவர் கண்ணில் படாமல் காப்பது அந்நம்பிக்கைக்கு நான் செலுத்தும் கடன்.

இதனால் மனத்துக்கும் நன்மை உண்டு. குறளுக்குப் பயிற்சித்தாள் ஆயத்தம் செய்யும்போது மலிவு விற்பனை அறிவிப்பு வந்து கருத்தைச் சிதைப்பதில்லை. மாலையில் நீலச் சாளரத்தை மூடியபின், திருத்தாத கட்டுரைகள் தாயாரின் கட்டில்வரை என்னைத் தொடர்ந்து வந்ததில்லை. படிப்பும் பொழுதுபோக்கும் ஒரே திரையில் மோதும் மாணவர்க்கும் இம்முறை பயன்படும். இரண்டாம் கதவைக் கட்டச் சில நிமிடங்களே ஆகும். நாள்தோறும் உரிய வேலைக்கு உரிய கதவைத் திறப்பதுதான் பழக்கமாக வேண்டும். அப்பழக்கத்தை வகுப்பறைக்கு வருமுன் ஆசிரியரே முதலில் கைக்கொள்ள வேண்டும்.