வெங்காயம் சொல்லித்தரும் பாடம்



நம்ம பழைய மாணவி ஒருத்தி இப்போது பொள்ளாச்சிப் பக்கம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். "பார்வையில்லாத பையன் ஒருத்தன் இருக்கானுங்க சார். லிட்மஸ் தாள் நிறம் மாறுவதை அவனுக்கு எப்படிக் காட்டுவேன்? சோதனை நேரத்தில் சும்மா உட்கார வைக்க மனசு வரலைங்க" என்று போனில் கேட்டாள்.

காட்ட வேண்டாம் கண்ணு, முகரக் கொடு என்றேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, துணித் துண்டுகளோடு டப்பாவில் மூடி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வை. ஒரு துண்டில் வினிகர், இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. காரத்தை நீயே சொட்டு. இரண்டையும் தண்ணீரில் நன்றாக அலசிக் கொடு. அமிலம் பட்டதில் வாசம் நிற்கும், காரம் பட்டதில் போய்விடும்.

காது கேளாத பிள்ளைக்கு ஒலிப் பாடமா? ஊதிய பலூனைக் கையில் கொடுத்து, பக்கத்தில் மேளம் தட்டுங்கள். அதிர்வு விரலில் தெரியும். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு நாளுக்கு ஒரே கருத்து போதும். நாலு தரம் அதன் கையாலேயே செய்யட்டும்.

1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள், 2016 சட்டத்தில் 21 வகை. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. சோதனைக் குழாய் அந்தக் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

உங்களில் டீச்சராக இருப்பவர்கள் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்க.