பார்க்க வேண்டிய படங்கள்

மேஜைமேல் மூன்று அழைப்பிதழ்கள் கிடக்கின்றன. இந்த மாதம் சென்னையில் நான் பார்க்க வேண்டிய ஓவியக் கண்காட்சிகள். ஒன்று கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதெமியில், இளைஞர்கள் சிலர் சேர்ந்து வைப்பது. இன்னொன்று பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களுடையது. மூன்றாவது ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில், தனி ஒருவருடையது. இப்படி வரும் அட்டைகளைப் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துவிடுவது என் வழக்கம். மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது கண்காட்சி முடிந்திருக்கும். வங்கிக் குமாஸ்தாவுக்கு மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிதான் விடுமுறை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புத்தக வெளியீடுகளுக்கும், அதன்பின் டீக்கடை வாசலில் நின்று போடும் சண்டைகளுக்கும் அதே சனிக்கிழமைகள் எனக்குப் போதுமானதாகத்தான் இருந்திருக்கின்றன.

இது என் ஒருவனுடைய சோம்பல் என்று தோன்றவில்லை. படிமம், உருவம், வெளி என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். எல்லாம் கண் சம்பந்தப்பட்ட வார்த்தைகள். கண்ணை மட்டும் நாம் உபயோகிப்பதில்லை. ஆதிமூலம் (1938-2008) நம் சிறுபத்திரிகைகளுக்கு எத்தனை அட்டைகள், எத்தனை கோட்டோவியங்கள் போட்டுக் கொடுத்தார். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியைக் கோடுகளிலேயே திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தவர் அவர். நாமோ அவர் கோட்டோவியத்தைக் கவிதைக்கும் கவிதைக்கும் நடுவே மிஞ்சிய இடத்தை அடைக்க வைத்தோம். கவிதை பற்றி ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. கோடு பற்றி ஒரு கடிதம் வந்ததாக நான் படித்ததில்லை.

என் குற்றம் இதைவிடப் பெரிது. கே.சி.எஸ். பணிக்கரின் (1911-1977) 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை பற்றி நான் எழுதிய குறிப்பு ஒன்று சில இதழ்களுக்கு முன் இங்கேயே வந்தது. மொழியின் தோல்வி, குறியின் மௌனம் என்றெல்லாம் அதில் இருக்கும். நண்பர்கள் பாராட்டினார்கள். வயதான ஓவியர் ஒருவர் என்னை வழியில் பார்த்து டீ சாப்பிட அழைத்துப்போனார். "நல்லா எழுதியிருக்கீங்க. எந்தப் படத்தைப் பார்த்தீங்க?" என்று கேட்டார். நான் பார்த்திருந்தது ஓர் ஆங்கிலப் புத்தகத்தில், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்புவெள்ளைப் பிரதி. அதன் கீழிருந்த இரண்டு பக்கக் கட்டுரையைத்தான் நான் உண்மையில் பார்த்தது. "அந்த வரிசையில ஒண்ணு சார்" என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அடுத்த நான்காவது சனிக்கிழமை சோழமண்டலம் போனேன். ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில் நிலம் வாங்கி, பணிக்கர் தலைமையில் 1966இல் உண்டாக்கிய கிராமம் அது. சென்னை ஓவிய இயக்கத்துக்கான காட்சியகம் 2009இல் அங்கே திறக்கப்பட்டது. திறந்து எத்தனை வருஷம்! நகரத்திலிருந்து ஒரே பஸ்.

பணிக்கரின் படத்துக்கு முன் நின்றேன். வரிவரியாக எழுத்து மாதிரி, கட்டங்கள், ஜாதகத்தில் போல, பழைய ஏட்டில் போலச் சின்னச் சின்ன உருவங்கள். 1963 வாக்கில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததில் பிறந்த வரிசை இது என்று சொல்வார்கள். என் கண் என்ன செய்தது தெரியுமா? இடமிருந்து வலமாக ஓடி, வலக்கோடியில் கீழே கூட்டுத்தொகையைத் தேடியது. பிறகு படத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரில் விவரச்சீட்டைத் தேடியது. எழுத்து மாதிரி இருந்த எதுவும் எழுத்தில்லை. வாசிக்கக் கிடைக்காத இடத்தில் எனக்கு நிற்கத் தெரியவில்லை. நாலு நிமிஷத்தில் கால் வலித்தது.

அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையெழுத்து ஒத்துப்பார்ப்பது எப்படி என்று ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார். "பேரைப் படிக்காதேப்பா. படிச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கும். செக்கைத் தலைகீழாத் திருப்பிப் பாரு." திருப்பினால் பெயர் போய்விடும். கோடுதான் மிஞ்சும். எங்கே அழுத்தியிருக்கிறான், எங்கே கை தயங்கியிருக்கிறது, வளைவை ஒரே மூச்சில் போட்டானா, நிறுத்தி நிறுத்திப் போட்டானா என்று தெரியும். பத்து வருஷமாக தினமும் இதைச் செய்கிறேன். இதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். பார்க்கத் தெரியாதவனில்லை நான். கவுண்டரில் வைத்திருக்கும் கண்ணை கேலரி வாசலில் கழற்றிவிட்டு, பி.ஏ. ஆங்கிலத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.

அந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன். கோடுகள் ஒரே வேகத்தில் இல்லை. சில வரிகள் எழுதுகிறவனின் அவசரத்தோடு ஓடின. சில இடங்களில் கை நின்று யோசித்திருந்தது. கறுப்புவெள்ளைப் பிரதியில் வெறும் காகிதம் என்று நான் நினைத்த இடமெல்லாம் வர்ணம். இதற்குமேல் சொல்ல எனக்கு இப்போது வார்த்தை இல்லை. பணிக்கர் ஓவியப் பள்ளியில் 1936இல் சேருமுன் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். குறிகளை வாங்கி அனுப்பும் உத்தியோகம். இதை வைத்து ஒரு தத்துவம் கட்டலாம். முன்பானால் கட்டியிருப்பேன்.

அந்தப் பழைய குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். அதில் தப்பான வாக்கியம் ஒன்றும் இல்லை; அதுதான் கோளாறு. பார்க்காமலே தப்பில்லாமல் எழுத முடிகிற ஒரு பாஷையை நாம் பழகி வைத்திருக்கிறோம். கவிதை விமர்சனத்திலும் அது நடமாடுகிறது என்று எனக்குச் சந்தேகம்.

எனவே இந்த மாதம் மூன்றுக்கும் போகிறேன். கையேட்டைக் கடைசியில் வாங்குவது. ஓவியரின் பெயரையும் படத்தின் தலைப்பையும் பிறகு படிப்பது. இடத்துக்கு ஒரு படம். அதன்முன் கால் வலித்த பிறகும் நிற்பது. முக்கியமாகப் பெரியமேட்டுக்கு. 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் பணிக்கரும் தலைமையேற்று நடத்தியது. ஆனால் இன்றைய மாணவர்களைப் பற்றி யாரும் இன்னும் கட்டுரை எழுதவில்லை. எனக்குச் சாய்ந்துகொள்ள அங்கே சுவர் கிடையாது. ஏதாவது பார்த்தால் நானே பார்த்ததாகத்தான் இருக்கும்.

லலித் கலா கண்காட்சி வியாழக்கிழமையோடு முடிகிறது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன்.