தோற்கும் உரிமை

பெலேவை நம் எல்லோருக்கும் தெரியும். ரோஜர் மச்சாடோவைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் சமத்துவம் என்றால் என்ன என்று மாணவர்களிடம் பேசும்போது எனக்குப் பெலேவைவிட ரோஜர்தான் அதிகம் பயன்படுகிறார்.

ரோஜர் 1975ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் பிறந்த கறுப்பினத்தவர். அந்த ஊரின் கிரேமியோ அணிக்கு இடதுபக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடி, 1995ல் லிபர்டடோரஸ் கோப்பையை வென்றவர். ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். 2015ல் அதே கிரேமியோவைத் தேசிய லீக்கில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே வெளியேறினார். 2017ல் அட்லெடிகோ மினெய்ரோவுக்கு மாநிலப் பட்டம் வாங்கித் தந்தார். சில மாதங்களில் நீக்கினார்கள். 2018ல் பால்மெய்ராஸ் நடு ஆண்டில் அனுப்பிவிட்டது. பிறகு பாஹியா, புளூமினென்ஸ், மறுபடி கிரேமியோ, ஜுவென்டூட், இன்டர்நேசியோனல். 2025ல் இன்டர்நேசியோனலுக்கு மாநிலப் பட்டம் வென்று, கிரேமியோவின் ஏழு ஆண்டுத் தொடர் வெற்றியை முடித்துவைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார்.

நிறத்தால்தான் நீக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேசிலில் பயிற்சியாளர் வேலை யாருக்கும் நிலையில்லாதது. நாலு ஆட்டம் தோற்றால் வெள்ளையருக்கும் பெட்டி கட்ட வேண்டியதுதான். கேள்வி வேறு. அந்த நாற்காலிக்கு வந்து, தோற்று, அடுத்த ஊரில் மறுபடி உட்காரும் வாய்ப்பு எத்தனை கறுப்பினத்தவருக்குக் கிடைக்கிறது?

2019 அக்டோபரில் மரக்கானா மைதானத்தில் புளூமினென்ஸும் பாஹியாவும் மோதின. அந்த அணிக்கு மார்காவ், இந்த அணிக்கு ரோஜர். முதல்நிலை லீக்கின் 20 அணிகளில் அன்று கறுப்பினப் பயிற்சியாளர்கள் இந்த இருவர் மட்டுமே. மக்கள் தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் வாழும் நாடு அது. களத்தில் ஓடுபவர்களில் அவர்கள் ஏராளம். ஓடு என்று சொல்லும் இடத்தில் இரண்டே பேர். இருவரும் இனவெறிக்கு எதிரான சட்டை அணிந்து வந்தார்கள்.

ரோஜரின் அணி அன்று தோற்றது. ஆட்டம் முடிந்து செய்தியாளர்களிடம் அவர் பேசியதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். குரலை உயர்த்தவே இல்லை. தெருவில் யாரோ திட்டுவது மட்டும் இனவெறி இல்லை, அது அமைப்பில் இருக்கிறது என்றார். தான் படித்த கல்லூரியிலும், போகும் உணவகத்திலும் தான் ஒருவன்தான் கறுப்பன் என்றார். அதைச் சொன்னால், 'நீங்கள் இங்கே வந்துவிட்டீர்களே, அப்புறம் இனவெறி எங்கே?' என்று கேட்கிறார்களாம். அதற்கு அவர் பதில், தான் அங்கே இருப்பதே இனவெறி இருப்பதற்குச் சாட்சி என்பது.

சமூகவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவர் சில நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பெலே போன்றவரை எந்த அமைப்பும் ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால் அவர் ஒருவர்தான். அவரைக் காட்டியே மற்றவர்களின் வாயை அடைக்கலாம். ரோஜர் அப்படிப்பட்ட மேதை இல்லை. சில பட்டங்கள், பல தோல்விகள், ஊர் ஊராக மாறும் வேலை. அப்படிப்பட்ட வெள்ளையர்கள் எத்தனையோ பேர் அங்கே காலம் முழுக்கப் பயிற்சியாளர்களாக இருந்து ஓய்வு பெறுகிறார்கள். அந்தச் சாதாரணம்தான் மறுக்கப்படுகிறது.

நான் வேலை செய்யும் இடங்களில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு அரியர் விழுந்தால், "நம்ம ஆளுங்களுக்கே கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன் அக்கா" என்று அழுகிறார்கள். பக்கத்து பெஞ்சில் மூன்று அரியர் வைத்திருப்பவன் தன் சாதியை நினைத்து ஒருநாளும் அழுவதில்லை. அவன் தோல்வி அவனோடு முடிகிறது. நம் பிள்ளையின் தோல்விக்கு மட்டும் ஒரு சமூகமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோழர்களே, "உங்க ஆள் ஒருத்தர்தான் அங்க இருக்காரே" என்று யாராவது சொன்னால், ஏன் ஒருத்தர் மட்டும் என்று கேளுங்கள். அவர் ஒருமுறை சறுக்கினால் மறுபடி கூப்பிடுவீர்களா என்றும் கேளுங்கள். அரியரை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம்.