ஓரடி மாதிரியும் நூறடிச் சிலையும்

உசேன் சாகர் ஏரி நடுவில் நிற்கும் புத்தர் சிலைக்கு 58 அடி. அதே ஏரிக்கரையில் 2023 ஏப்ரல் 14 அன்று திறக்கப்பட்ட அம்பேத்கர், பீடம் நீங்கலாக 125 அடி. சம்ஷாபாத் பக்கம் முச்சிந்தலில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ராமானுஜர், பீடத்தோடு 216 அடி. ஹைதராபாத்தில் சிலை வேலை செய்கிறவன் என்றதும், இவ்வளவு பெரியதை எப்படிச் செய்தார்கள் என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். என் மனம் போவது அதற்கு முந்தைய மாதிரியிடம். சிலையின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

புத்தரை ராயகிரியில் ஒரே கல்லில் வடித்தது கணபதி ஸ்தபதி தலைமையிலான குழு. ஸ்தபதி மரபில் ஆளை நிறுத்திவைத்துப் பார்த்துச் செய்யும் வழக்கம் இல்லை. உருவத்தின் உயரத்தைப் பங்குகளாகப் பிரிக்கும் தாலக் கணக்குதான் மாதிரி. உத்தம தச தாலம் என்றால் உருவத்தின் உயரம் 124 பங்கு. முகம், மார்பு, தொடை எல்லாம் அந்தப் பங்குகளில் அடங்கிவிடும்.

கலைக் கல்லூரி வழி வந்தவர்களுக்கு ஆள்தான் மாதிரி. 1959இல் மெரினாவில் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலைக்காகச் சிற்பி ராய் சௌத்ரி, சென்னைக் கலைக் கல்லூரியின் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் நிற்கவைத்தார். நிற்பது லேசான வேலை இல்லை. பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவைப்போம், ஓய்வுக்குப் பிறகு அதே இடத்தில் நிற்பதற்காக. சற்று நேரத்தில் பாரம் ஒரு காலுக்கு இறங்கும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் தாழும். உடம்பு தன் எடையைத் தாங்கும் அந்த விதத்தை எந்தப் புகைப்படமும் காட்டாது. தலைவர் சிலைக்கு நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் முன்பக்கப் படங்கள். அதனால் அதே உடல்வாகுள்ள ஒருவருக்குக் கோட்டு மாட்டி, கையை உயர்த்தச் சொல்லி, முதுகில் துணி எங்கே இழுபடுகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அப்படி நிற்பவருக்கு நல்ல கூலி கொடுக்க வேண்டும். இன்றும் பல இடங்களில் கொடுப்பதில்லை.

பிறகு களிமண் மாதிரி. கம்பிக்கூட்டில் சிறு மரத்துண்டுகளைப் பெருக்கல் குறி போலக் கட்டித் தொங்கவிடுவோம். அவை பிடித்துக்கொள்ளாவிட்டால் ஈர மண் தன் கனத்திலேயே சரிந்துவிடும். இந்த ஊர் மே மாத வெயிலில் ஈரத்துணி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் என்று மூடாமல் ஒரு மதியம் விட்டால் போதும், மூக்கு வெடித்துவிடும்.

அதற்கு அடுத்த கட்டம்தான் எனக்குக் கவலை. இப்போது மாதிரியை ஸ்கேன் செய்தால் கணினி எந்த அளவுக்கும் பெருக்கித் தருகிறது. எனக்கு இயந்திரத்தோடு சண்டை இல்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஓரடி மாதிரியை 125 அடியாக்கினால், உதட்டோரத்தில் விட்ட ஒரு மில்லிமீட்டர் பிசகு பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகும். கட்டைவிரல் ரேகை வாய்க்காலாகும். பிசகே இல்லாவிட்டாலும் சிக்கல் தீராது. ஓரடி உருவத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கிறோம். நூறடியைக் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். அங்கிருந்து தலை சிறுத்துவிடும், மோவாய் முகத்தை மறைக்கும், உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும். தலையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், முகத்தைச் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும், இமை விளிம்பைத் தூக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பெருக்கல் சொல்லாது. மாதிரியை உயரத்தில் ஏற்றிவைத்து, கீழே நின்று பார்த்து, ஏணியில் ஏறித் திருத்தினால்தான் தெரியும்.

அம்பேத்கர் சிலையைச் செய்த ராம் சுதார்தான் குஜராத்தின் 182 மீட்டர் படேல் சிலைக்கும் சிற்பி. அங்கே இடையில் முப்பது அடியில் ஒரு வெண்கல மாதிரி செய்து பார்த்தார்கள். அந்த இடைப்படியைத்தான் சின்ன ஊர்ச் சிலைகளில் முதலில் வெட்டுகிறார்கள். கெடு நெருங்கிவிட்டது, பணம் போதாது என்பார்கள். முகமே தெரியாத தலைவர்கள் நாற்சந்திகளில் நிற்பது அதனால்தான். மாதிரியில் திருத்தாததை வெண்கலம் நூறு வருடம் சுமக்கும்.

சிலைக் குழுக்களில் உட்காரும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேசைமேல் வைத்த மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தலையை மட்டுமாவது முழு அளவில் செய்யச் சொல்லி, சாரத்தில் ஏற்றி, தெருவில் நின்று பாருங்கள். வார்ப்புக்கு ஒப்புதல் அதன்பிறகு தந்தால் போதும்.